கயிறு கட்டாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க: விஷப்பாம்பும் சிலந்தியும்



கொஞ்ச நாளைக்கு முன்னால் மலையோரத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா எழுந்து நின்றார். "ரெண்டு மாசமா கூட்டத்துக்கு வரல்லன்னு அபராதம் போட்டுராதீங்க மேடம், என்னைப் பாம்பு கடிச்சுப் போட்டு" என்றார்.

அந்த அக்கா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். விடியற்காலை நாலரை மணிக்கு, சருகுக்குள் கிடந்த பாம்பு கணுக்காலில் கடித்திருக்கிறது. தலைத் துண்டைக் கிழித்து முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் விஷ வைத்தியம் பார்க்கிற ஒருவர் வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பச்சிலை அரைத்துக் கட்டி மூன்று மணி நேரம் போனது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது, சிறுநீர் சிவப்பாகப் போனது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தார். ஆனால் கிட்னி பாதித்து ஐந்து தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது.

இதெல்லாம் சொல்லிவிட்டு அந்த அக்கா எங்களைப் பார்த்து, "இறுக்கிக் கட்டணும்னு நீங்கதானே மேடம் அன்னைக்குப் பயிற்சியில சொல்லித் தந்தீங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பல வருடங்களுக்கு முன்னால் முதலுதவிப் பயிற்சியில் நாங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம். அப்போது எங்கள் கையில் இருந்த பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அது தவறு. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளத்தான் இந்த இதழில் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். தயவுசெய்து முழுவதும் படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

விஷம் என்றால் என்ன?

பாம்பின் விஷம் ஒரு வகை எச்சில்தான். நமக்கு வாயில் எச்சில் ஊறுவது சாப்பாடு செரிக்க. பாம்புக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு பை இருக்கிறது. அதில் ஊறும் எச்சில் எலியையும் தவளையையும் அசையவிடாமல் செய்து, செரிப்பதற்கும் உதவும். அந்தப் பையிலிருந்து பல்லுக்கு ஒரு குழாய் போகிறது. பல் ஊசி மாதிரி. ஆக, பாம்பு கடிப்பது என்பது ஊசி போடுவது போலத்தான்.

பாம்புக்கு நாம் இரை இல்லை. மிதித்தாலோ, கை பட்டாலோ பயந்து கடிக்கிறது. சில சமயம் கடிக்கும், ஆனால் விஷத்தை இறக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறோம்.

விஷம் உடம்பில் என்ன செய்யும் என்பது பாம்புக்குப் பாம்பு மாறும். பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று நரம்பைத் தாக்குவது, இன்னொன்று ரத்தத்தைக் கெடுப்பது.

நம்ம பக்கத்துப் பாம்புகள்

இந்தியாவில் பாம்புக்கடியால் ஏற்படும் மரணங்களில் பெரும் பகுதிக்கு நான்கு பாம்புகள்தான் காரணம்.

நல்ல பாம்பு: படம் எடுக்கும். கேரள எல்லைப் பக்கம் மூர்க்கன் என்றும் சொல்வார்கள். மூளை "கையைத் தூக்கு" என்று சொன்னால் அந்தச் செய்தி நரம்பு வழியாகத் தசைக்குப் போகும். தசையில் ஒரு பூட்டு இருக்கிறது, நரம்பு அனுப்பும் சாவி அதைத் திறக்கும். நல்ல பாம்பு விஷம் அந்தப் பூட்டின் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்கிறது. சாவி நுழையாது. முதலில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசை நின்றுபோகும். கடித்த இடம் வீங்கி, சதை அழுகவும் செய்யும்.

கட்டுவிரியன்: கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன். ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். இதன் கடியில் வலியும் வீக்கமும் அனேகமாக இருக்காது. கொசு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவோம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, கண் திறக்க முடியவில்லை என்பார்கள். நேற்றுச் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுப்போம். இங்கேதான் உயிர் போகிறது. இதன் விஷம் பூட்டை அடைப்பதோடு நிற்காமல், நரம்பின் நுனியையே அழித்துவிடுகிறது. அது மறுபடி வளர நாளாகும். அதுவரை மெஷின் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலியும் கண் இமை சோர்வும் இருந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கண்ணாடி விரியன்: அணலி என்று மலையோரத்தில் சொல்வது இதைத்தான். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோர்த்த மாதிரி வட்டங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்களும் உண்டு. பக்கத்தில் போனால் குக்கர் விசில் மாதிரி சீறும். இது முட்டை போடாது, குட்டி போடும். பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு.

இதன் விஷம் ரத்தத்தைக் கெடுக்கும். எப்படி என்றால், நம் அடுக்களையில் பார்ப்போம். வீட்டில் ஒரு கரண்டி உறைமோர்தான் இருக்கிறது. அதை ஒருத்தி துளித் துளியாக நூறு பாத்திரத்தில் தெளித்துவிட்டால், ராத்திரி பால் பானைக்கு உறை ஊற்ற ஒன்றும் மிஞ்சாது. அதுபோல, காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்க உடம்பில் ஒரு சரக்கு இருக்கிறது. விஷம் அதை ரத்தக் குழாய்க்குள்ளேயே வீணாகச் செலவழித்துவிடுகிறது. பிறகு எங்கே கசிந்தாலும் நிற்காது. ஈறில், சிறுநீரில், சில சமயம் மூளையிலும் ரத்தம் கசியும். கிட்னியும் கெடும். அந்த அக்காவுக்கு நடந்தது இதுதான்.

சுருட்டை விரியன்: சின்னப் பாம்பு. சுருண்டு கிடந்து, உடம்புச் செதிலை உரசி அரம் தேய்க்கிற மாதிரி சத்தம் போடும். காய்ந்த, கல்லுப் பாங்கான பூமி இதற்குப் பிடிக்கும். இதுவும் ரத்தத்தைக் கெடுக்கும்.

இந்த நான்கு போக, மேற்கு மலைத் தொடரை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு குட்டையான குழிவிரியன் உண்டு. சருகு நிறத்தில் சருகுக்குள் கிடக்கும். இதுவும் கிட்னியைக் கெடுக்கக் கூடியது. இப்போது இந்தியாவில் கிடைக்கும் விஷமுறி மருந்து இதன் விஷத்துக்கு வேலை செய்யாது. ஆனால் கிட்னிக்கும் ரத்தக் கசிவுக்கும் சிகிச்சை இருக்கிறது. அதனால் இதற்கும் ஆஸ்பத்திரிதான்.

மருந்து எங்கிருந்து வருது?

விஷத்துக்கு மருந்து விஷத்திலிருந்தே வருகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. முன்பு பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர் மக்கள், தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்த பிறகு, சங்கமாகச் சேர்ந்து விஷம் எடுக்கிற தொழிலுக்கு மாறினார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷத்தைக் கக்க வைத்து எடுத்த பிறகு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம்மைப் போலவே சங்கமாகக் கூடியவர்களின் உழைப்புதான் நாடு முழுக்க உயிர் காக்கிறது என்பது நமக்கும் பெருமை.

அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசி போடுவார்கள். குதிரையின் உடம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். குதிரையின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து எடுப்பதுதான் விஷமுறி மருந்து. மேலே சொன்ன நான்கு பாம்பின் விஷத்தையும் சேர்த்தே செய்வதால், எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் இந்த நான்குக்கும் ஒரே மருந்து போதும்.

ஒரு விஷயம் மிக முக்கியம். இந்த மருந்து ரத்தத்தில் ஓடும் விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். விஷம் ஏற்கெனவே செய்துவிட்ட கெடுதலைத் திருப்பாது. அழிந்த நரம்பு நுனியை ஒட்டவைக்காது, கெட்ட கிட்னியைச் சரியாக்காது. அதனால்தான் மூன்று மணி நேரம் அவ்வளவு பெரிய நஷ்டம்.

வைத்தியர் கையில் பிழைத்தவர்கள் உண்டே?

கூட்டத்தில் எல்லோரும் கேட்பது இது. "எங்க மாமாவுக்கு மந்திரிச்சுத்தான் சரியாச்சு" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் இருக்கும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நம்மைக் கொல்லும் விஷம் இல்லை. சாரை, தண்ணிப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி, இவை கடித்தால் யாரும் சாவதில்லை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்குவதில்லை என்று முன்னால் சொன்னோமே, அவர்களும் தானாகவே பிழைப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் யார் என்ன கொடுத்தாலும் பிழைத்துவிடுவார்கள். பேர் வைத்தியருக்குப் போகும். விஷம் இறங்கியவர் மட்டும் தாமதத்தால் போய்விடுவார். அவர் வந்து கூட்டத்தில் சொல்ல மாட்டார்.

மிளகு கொடுத்து உறைக்குதா, வேப்பிலை கொடுத்துக் கசக்குதா என்று பார்ப்பதும் சரியான சோதனை இல்லை. ரத்தம் கெடுக்கும் விஷம் ஏறியவருக்கு நாக்கு ருசி நன்றாகவே தெரியும்.

நாகர்கோவில் என்ற பேரே நாகராஜா கோயிலால் வந்தது. ஆவணி ஞாயிறுகளில் நாகர் சிலைக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றிக் கும்பிடுகிறோம். அந்த நம்பிக்கையை நாங்கள் குறை சொல்லவில்லை. கும்பிடுவது கோயிலில், கடித்தால் ஆஸ்பத்திரியில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கடித்தால் என்ன செய்யணும்?

1. கடிபட்டவரை உட்கார வையுங்கள், அல்லது படுக்க வையுங்கள். "ஒண்ணும் ஆகாது மக்களே, மருந்து இருக்கு" என்று தைரியம் சொல்லுங்கள். ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் பரவும்.
2. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கினால் பிறகு கழற்ற முடியாது.
3. கை கால் முறிந்தால் கட்டுவது போல, கம்போ பனைமட்டையோ வைத்துத் துணியால் லேசாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். துணிக்குள் விரல் நுழைய இடம் இருக்க வேண்டும்.
4. 108க்குப் போன் செய்யுங்கள். பாம்புக்கடி என்று முதலிலேயே சொல்லி, மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் புறப்படுங்கள். பைக் என்றால் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.
5. வாந்தி வந்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.
6. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை

இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றால் காலே அழுகும். அவிழ்த்ததும் தேங்கின விஷம் மொத்தமாக ஏறி மூச்சு நிற்கவும் கூடும். தெரியாமல் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், டாக்டர் அவிழ்க்கட்டும். பிளேடால் கீறாதீர்கள், ரத்தம் உறையாத நேரத்தில் கீறினால் அந்தக் காயமே ஆபத்து. வாயால் உறிஞ்சாதீர்கள். ஐஸ், சுண்ணாம்பு, பச்சிலை வேண்டாம். சாராயம், காப்பி, கஷாயம் எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். நேரம் போகும், இன்னொருவரும் கடி வாங்குவார். டாக்டருக்குப் பாம்பு வேண்டாம், அறிகுறியே போதும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். சரியான ரத்தம் என்றால் உறைந்துவிடும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். "ஊசி போடாம சும்மா வெச்சிருக்காங்க" என்று சண்டை போடாதீர்கள். அந்த 20 நிமிடம் சோதனைதான். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் மருந்து போடுவார்கள், ஏனென்றால் குதிரையிலிருந்து வந்த மருந்து சிலருக்கு அலர்ஜி செய்யும். முதலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். பாதியில் கூட்டி வந்துவிடாதீர்கள். சின்னக் குழந்தைக்கும் பெரியவர் அளவே மருந்து போடுவார்கள். பயப்பட வேண்டாம். பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விஷம் விடுவதில்லை அல்லவா?

அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்து இலவசம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. மூச்சுத் திணறல், கிட்னி கோளாறு என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

2020இல் வெளியான ஒரு ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள். சராசரியாக வருடத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்து ஜனங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இதனால் அரசு ஆஸ்பத்திரியும் தனியார் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே எத்தனை கடி என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே போய்ச் சேரும். வைத்தியர் வீட்டுக்குப் போனவர் இந்தக் கணக்கில் வருவதில்லை.

சிலந்தி விஷமா?

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. ஆனால் அது பூச்சிக்கு உண்டான அளவு. பூச்சியைக் கடித்து, அசையாமல் செய்து, உள்ளே இருப்பதைக் கரைத்துக் குடிப்பதுதான் அதன் சாப்பாடு. பெரும்பாலான சிலந்தியின் பல் நம் தோலைத் துளைக்காது. சுவரில் தட்டையாக ஒட்டியிருக்கும் பெரிய எட்டுக்கால் பூச்சி, பார்க்கப் பயமாக இருந்தாலும் கரப்பான் பூச்சியைத் தின்று நமக்கு உதவிதான் செய்கிறது.

மலைக் காட்டு மரப் பொந்துகளில் உள்ளங்கை அகலத்துக்கு, ரோமம் மூடிய சிலந்தி உண்டு. அது கடித்தால் கடும் வலியும் தசைப் பிடிப்பும் சில நாள் இருக்கும். ஆஸ்பத்திரியில் வலிக்கு மருந்து கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆளைக் கொல்லும் ஒரு சிலந்தி உண்டு. அதற்கும் 1981இல் மருந்து வந்துவிட்டது.

உடம்பில் ஒரு பக்கமாக வரிசையாகக் கொப்புளம் வந்து எரிந்தால் "சிலந்தி விஷம்" என்று மந்திரிக்கப் போகிறோம். அது அனேகமாக அக்கி. சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பில் தூங்கிக் கிடந்து மறுபடி எழுவதுதான் அக்கி. மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போனால் மாத்திரை நன்றாக வேலை செய்யும்.

கடி வாங்காமல் இருக்க

கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்புக் காலத்தில் வயலில் எலி கூடும், எலி பின்னால் பாம்பு வரும். அறுக்கும் முன் கம்பால் தட்டுங்கள். பால் வெட்டுக்குப் போகிறவர்கள் முட்டி வரை பூட்ஸ் போடுங்கள், தலை லைட்டோடு கீழேயும் வெளிச்சம் அடித்து நடங்கள். கதம்பை, விறகு, ஓலை, செங்கல் அடுக்கை வீட்டுச் சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள். எடுக்கும்போது கையை நேராக விடாமல் கம்பால் அசைத்துப் பாருங்கள். கோழிக் கூட்டையும் நெல்லையும் படுக்கிற இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். ராத்திரி புறவாசலுக்குப் போனாலும் டார்ச் வேண்டும். கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். கட்டுவிரியனுக்கு அதைவிட மலிவான தடுப்பு இல்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்காமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

குழுவாக நாம் செய்ய வேண்டியது

ஒன்று, ராத்திரியில் கூப்பிட்டால் வரும் ஆட்டோ, ஜீப் ஓட்டுநர் நம்பர்களை எழுதி எல்லா உறுப்பினர் வீட்டிலும் ஒட்டுங்கள். இரண்டு, டார்ச், பூட்ஸ், கொசுவலை வாங்கச் சின்னக் கடன் கேட்டால் மறுக்காதீர்கள். அந்த அக்காவுக்கு மருந்து இலவசம்தான். ஆனாலும் போக்குவரத்து, துணைக்கு இருந்தவர் செலவு, போன கூலி எல்லாம் சேர்ந்து குழுவில் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. மூன்று, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேருங்கள். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர் வருடம் 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். பாம்புக்கடி மரணமும் இதில் அடங்கும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால்தான். வைத்தியர் வீட்டில் இறந்தால் அந்தச் சீட்டும் இருக்காது.

அந்த அக்காவுக்கு அன்றைக்கு அபராதம் போடவில்லை. தீர்மானப் புத்தகத்தில் குழு ஒரு வரி எழுதியது: "இனி நம்ம ஊரில் யாரைப் பாம்பு கடித்தாலும் கட்டாமல், கீறாமல், நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்." முதல் கையெழுத்து அந்த அக்கா போட்டார். இரண்டாவதாக நாங்கள் போட்டோம். உங்கள் குழுவிலும் இந்த வரியை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்போம்.